வேப்பிலையும் தகரமும்

2020 ஏப்ரலில் ரேஷன் கடை வாசல்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். ஆயிரம் ரூபாய் நிவாரணமும் விலையில்லா அரிசியும் வாங்க வருகிறவர்கள் வட்டத்துக்கு ஒருவராக நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. காலை ஏழு மணிக்கெல்லாம் வட்டங்கள் நிறைந்துவிடும். ஒன்றில் மஞ்சள் பை, அடுத்ததில் ஒரு ஜோடி செருப்பு, அதற்கடுத்து செங்கல் துண்டு, மண்ணெண்ணெய் கேன், கிழிந்த கூடை. அவற்றின் சொந்தக்காரர்கள் பத்தடி தள்ளி, மர நிழலில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, இந்தக் கொரோனா எப்போதுதான் ஒழியுமோ என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காட்சியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் எல்லோரும் கீழே ஏறக்குறைய ஒரே வரியைத்தான் எழுதினார்கள்: நம்ம ஜனங்களைத் திருத்தவே முடியாது.

அந்தப் படங்களில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. செருப்புகளை யாரும் நகர்த்தவில்லை. பின்னால் வந்தவர் முன்னால் இருந்த செங்கல்லை எட்டி உதைத்துவிட்டுத் தன் பையை வைக்கவில்லை. குழாயடியிலும் தண்ணீர் லாரிக்கும் குடம் வைத்து இடம் பிடித்த காலத்திலிருந்து இருந்துவருகிற சட்டம் அது. எந்த அரசாணையிலும் இல்லாத, எந்தக் காவலரும் காவல் நிற்காத அந்தச் சட்டத்தை அத்தனை பேரும் மதித்தார்கள். சுண்ணாம்பு வட்டத்தையும் அவர்கள் மீறியதாகச் சொல்ல முடியாது. ஏப்ரல் வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க முடியாத உடம்புக்குப் பதிலாகச் செருப்பை நிறுத்தினார்கள். வட்டம் போட்டவர்கள் மேலே ஒரு பந்தலையும் போட்டிருந்தால் ஆட்களே நின்றிருப்பார்கள்.

ஊரடங்குக் காலத்தில் மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ஜப்பான்காரனைப் பார், நம்மைப் பார் என்று ஒரு பெருமூச்சு. கட்டுப்பட்டவர் நல்லவர், மீறியவர் பொறுப்பற்றவர் என்று பிரித்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே மனிதர் ஒரே நாளில் ஒரு கட்டுப்பாட்டுக்கு உயிரைக் கொடுத்துக் கட்டுப்பட்டதையும் இன்னொன்றைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். எதற்குக் கட்டுப்பட்டார், எதைத் தாண்டினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முகக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோரிடம் அது இருந்தது. ஆனால் தாடையில் இருந்தது. தெருமுனையில் மாநகராட்சி ஆளோ காக்கிச் சட்டையோ தெரிந்தால் மூக்குக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து பயணம் செய்து, சோதனை நடக்கும் இடத்துக்கு ஐம்பதடி முன்னால் தலைக்கு ஏறுகிற ஹெல்மெட்டின் அதே கதை. 2020 செப்டம்பரில் முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதத்தைச் சட்டமாக்கிய பிறகு முகக்கவசம் 200 ரூபாயிலிருந்து காப்பாற்றும் பொருளாகிவிட்டது, கிருமி இரண்டாம்பட்சம். இன்னொன்றும் நடந்தது. கடையில் தனியாக நிற்கும்போது ஒழுங்காக அணிந்திருந்தவர், தெரிந்த பெரியவர் எதிரே வந்ததும் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டுத்தான் “வாங்கண்ணா, நல்லாருக்கீங்களா” என்று பேசுவார். கவசம் தேவைப்படுவதே பேசும்போதுதான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெரிய மனிதரிடம் பேசுவது மரியாதைக் குறைவு என்பது அதைவிட ஆழத்தில் இருக்கிறது. மருத்துவ விதியும் மரியாதை விதியும் மோதிக்கொண்ட இடத்தில் மரியாதை ஜெயித்தது. இதை ஒழுங்கீனம் என்று சொல்வது எளிது. ஆனால் அவர் கட்டுப்பாடு இல்லாத மனிதர் அல்ல. வேறொரு கட்டுப்பாட்டுக்குள் இருந்தார்.

சாவு வீடும் அப்படித்தான். திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று அரசு வரம்பு வைத்தது. கல்யாணத்தைப் பொறுத்தவரை மக்கள் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டார்கள். செலவு மிச்சம் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. சாவுக்கு மட்டும் ஏற்க முடியவில்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று வளர்ந்த ஊரில், இருபத்தொன்றாவது ஆளாக வந்து நிற்கும் பங்காளியை யார் திருப்பி அனுப்புவது? மாலையோடு வந்தவர் தெருமுனையிலேயே நின்று அழுதுவிட்டுப் போனதும் உண்டு, உள்ளே நுழைந்து பிணத்தின் காலைத் தொட்டவரும் உண்டு. வேலைக்குக்கூட வெளியே வராத மனிதர்கள் சாவுக்கு வந்தார்கள்.

தொற்றுக்காக ஒதுங்கியிருப்பது நமக்குப் புதிதும் அல்ல. அம்மை கண்ட வீட்டை நினைவிருப்பவர்களுக்கு இது தெரியும். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். அந்த வீட்டாரும் வெளியே எங்கும் போகமாட்டார்கள், விசேஷ வீடுகளுக்கு மாட்டார்கள், வெளுக்கத் துணி போடமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. “ஆத்தா வந்திருக்கா” என்று சொல்லிவிட்டால் போதும்; ஏன், எத்தனை நாள், யார் உத்தரவு என்று ஒரு கேள்வி எழாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீரும் ஆனபிறகுதான் அந்த வீடு ஊரோடு சேரும். அதுவரை இளநீரும் நுங்கும் கூழும் யாராவது கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். நோயாளியின் பக்கத்தில் சத்தமாகப் பேசமாட்டார்கள், கடிந்துகொள்ளமாட்டார்கள். படுத்திருக்கும் பிள்ளை ஊருக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளை குற்றவாளி அல்ல. அம்மன் இறங்கியிருக்கும் உடம்பு.

இந்த வழக்கத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நோக்கம் எனக்கில்லை. பெரியம்மை கொன்றவர்களையும் பார்வையைப் பறித்தவர்களையும் வேப்பிலை காப்பாற்றவில்லை. ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு கதவடைத்ததும் இதே நம்பிக்கைதான். இந்தியாவில் பெரியம்மை 1975இல் நின்றது தடுப்பூசியாலும் வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்த ஊழியர்களாலும். இருந்தாலும், தனிமைப்படுத்துவதில் மட்டும் வேப்பிலைக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அதை நிலைப்படியில் செருகியது வீட்டுக்காரியின் கை. நோயை மறைப்பதால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. சொல்வதால் அவமானமும் இல்லை, பட்டினியும் இல்லை.

2020இல் அதே நிலைப்படிக்கு வேறொன்று வந்தது. சென்னையில் தொற்று உறுதியானவர்களின் வீட்டு வாசலில் மாநகராட்சி ஆட்கள் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்தார்கள். சில தெருக்களில் தெருவையே தகரத்தால் அடைத்தார்கள். சுவரில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே என்று ஸ்டிக்கர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கையில் முத்திரை. மறுநாளிலிருந்து பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். குணமாகித் தகரத்தைப் பிரித்த பிறகும் அந்த வாசலைக் கடக்கிறவர்கள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். வீட்டு வாசலில் இப்படி அறிவிப்பு ஒட்டக் கூடாது, உரிய அதிகாரி சட்டப்படி உத்தரவிட்டாலொழிய என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த ஆண்டு டிசம்பரில்.

தகரம் என்ன செய்ததென்றால், காய்ச்சலை ஒளித்துவைக்க வைத்தது. சென்னையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட களப்பணியாளர்கள் தினமும் வீடு வீடாகப் போய் “யாருக்காவது காய்ச்சல், இருமல், சளி இருக்கா?” என்று கேட்டார்கள். மொட்டை வெயிலில் நடந்த அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “யாருக்கும் ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் நல்லாருக்கோம்.” உள்ளறையில் ஒருவர் பாராசிட்டமாலும் கபசுரக் குடிநீரும் குடித்துவிட்டு இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். உண்மையைச் சொன்னால் தகரம், தகரம் வந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், வீட்டு வேலைக்குப் போகிற இடத்தில் இனி வராதே என்பார்கள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போவது என்றாகிவிட்டது. பரவலைத் தடுக்க அடித்த தகரம் தன் பங்குக்கு நோய் முற்றவும் இடம் கொடுத்தது.

இது முன்பே நடந்திருக்கிறது, இதே சட்டத்தின் கீழ். தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் கொரோனா விதிமுறைகளை வெளியிட்டது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தின்படி. பம்பாயில் பிளேக் பரவியபோது அந்த ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி நிறைவேறிய சட்டம் அது. மொத்தமே நான்கு பிரிவுகள். பெயர் ஒன்று, அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்று ஒன்று, மீறினால் தண்டனை என்று ஒன்று, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்று ஒன்று. அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த மனிதர்கள் இரண்டே வகை: உத்தரவு போடுகிறவர், தண்டிக்கப்படக் கூடியவர். நோயாளிக்கு என்ன உரிமை என்று அதில் ஒரு சொல் கிடையாது.

அதிகாரம் கையில் வந்ததும் புனேயில் டபிள்யூ. சி. ராண்ட் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்டார்கள். பூஜையறை, சமையலறை என்று பார்க்கவில்லை, பெண்களைப் பரிசோதித்தார்கள், சாமான்களைத் தூக்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள், ஓடிய இடங்களுக்கெல்லாம் பிளேக்கைக் கொண்டுபோனார்கள். 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய ராண்டைச் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசே தளர்ந்து வந்து, கட்டாயத்தைக் குறைத்து, உள்ளூர்ப் பெரியவர்களின் ஒத்துழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. புனேயில் அதே பிளேக்கின்போது இன்னொரு வழியும் இருந்தது. சாவித்திரிபாய் புலே நோயாளிகளைத் தேடிப்போய்ச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பணியிலேயே நோய் தொற்றி 1897 மார்ச் 10இல் இறந்தார். அவரிடம் யாரும் நோயாளியை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

நம் ஊர் மாநகராட்சியும் பாதி வழியில் இதைப் புரிந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சென்னையில் ஃபோகஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களை அமர்த்தினார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு, பாலும் காய்கறியும் மாத்திரையும் வாங்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. அவர்களும் காவல்தான், வீட்டார் வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்தான். ஆனால் கையில் பையோடு வந்த காவல். தகரத்தைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்த மனிதரை வெளியே வரவழைத்தது பெரும்பாலும் அரை லிட்டர் பால்தான் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

மீறியவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கட்டுப்பாட்டை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அவர்களைக் கண்டுதான் பயம். மார்ச் கடைசியிலேயே பல கிராமங்களின் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று அட்டை எழுதி மாட்டினார்கள். வெளியாட்கள் என்று வந்தவர்களில் பலர் அந்த ஊர்ப் பிள்ளைகள்; திருப்பூரிலும் சென்னையிலும் வேலை போய், தங்க இடமில்லாமல் திரும்பியவர்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடுகள் முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்தன. தில்லியில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டுக்குப் போய்வந்தவர்களின் எண்ணிக்கையை அரசு அறிக்கை தினமும் தனிக் கணக்காகப் படித்த நாட்களில், பாய் கடைக்குப் போகாதே என்ற செய்தி கைபேசிகளில் சுற்றியது. மே மாதம் கோயம்பேடு சந்தை ஆட்கள், ஜூனில் சென்னைக்காரர்கள். விலக்கிவைக்க ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். விலக்கும் கைக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. தள்ளி நில் என்பதை ஒரு தொற்றுநோய் வந்துதான் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றில்லை. தெருவில், கோயிலில், டீக்கடைக் குவளையில் அதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறோம்.

2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் விரட்டியது. முதலில் கீழ்ப்பாக்கம், பிறகு அண்ணா நகர் வேலங்காடு. கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்களின் மண்டை உடைந்தது, மனைவியும் மகனும் ஓட வேண்டியதாயிற்று. பின்னர் அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப் குமார், இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடும் போலீஸ் காவலோடும் தானே ஆம்புலன்ஸை ஓட்டிவந்து, குழியில் இறக்கி, மண் தள்ளி மூடினார். கல்லெறிந்தவர்கள் விதியை மீறுவதாக நினைத்துக்கொண்டு எறியவில்லை. தங்கள் பகுதியைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்கள். சில வாரங்களுக்கு முன் மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு இதே நகரம் மாடியில் நின்று மருத்துவர்களுக்குக் கைதட்டியிருந்தது. இறுதிச் சடங்கைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று ஒரு வாரத்துக்குள் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

சீருடையில் இருந்தவர்களின் மிகை இன்னும் மோசம். சாலையில் பிடித்தவர்களைத் தோப்புக்கரணம் போடவைத்தார்கள், லத்தியால் அடித்தார்கள், அதையெல்லாம் படமெடுத்துப் போட்டார்கள், நாமும் ரசித்தோம். திருப்பூர் மாவட்டத்தில் வெளியே சுற்றிய இளைஞர்களைப் பிடித்து, நோயாளி வேடமிட்ட ஒருவர் படுத்திருந்த ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பையன்கள் அலறிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்த அந்தக் காணொளி நாடெங்கும் சிரிப்பாகச் சுற்றியது. விழிப்புணர்வு என்று பெயர். நோயாளியைப் பேயாகக் காட்டிய காணொளி அது. அதைப் பார்த்துச் சிரித்த ஊர் தனக்குக் காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லுமா? ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரம் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்; அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்துவைத்தார்கள். ஜூன் 22 இரவும் 23 அதிகாலையும் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். சம்பந்தப்பட்ட காவலர்கள் மீது சிபிஐ கொலைக் குற்றச்சாட்டு சுமத்தியது. இரண்டு உயிரை எடுக்கும் அளவுக்கு வளர்ந்த விவகாரத்தின் தொடக்கம், கடை ஷட்டரை எப்போது இறக்குவது என்பது.

வசதியுள்ளவர்கள் விதியை இப்படித் தெருவில் நின்று மீறவில்லை. விண்ணப்பம் போட்டு மீறினார்கள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவம் என்ற காரணங்களுக்குத்தான் கிடைக்கும். உயிரோடு இருந்த பாட்டிகள் அந்தக் கோடையில் பலமுறை செத்தார்கள். நடந்து போன தொழிலாளி சோதனைச் சாவடியில் அடி வாங்கினார். காரில் போனவர் காகிதத்தைக் காட்டினார்.

அரசின் நடத்தையையும் சேர்த்துப் பார்க்காமல் மக்களின் நடத்தையைப் பேச முடியாது. நாடு முழுவதையும் 21 நாள் மூடுவதாக மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் மூடினார்கள். சென்னை, மதுரை, கோவையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் மளிகைக் கடைகூடக் கிடையாது என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். சனிக்கிழமை காலை கடைத்தெருக்களிலும் கோயம்பேட்டிலும் திருவிழாக் கூட்டம். மே 5இல் கோயம்பேட்டை மூடியபோது அது மாநிலத்தின் மிகப் பெரிய தொற்று மையமாகியிருந்தது. அங்கே மூட்டை தூக்கியவர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பியிருந்தார்கள். கூட்டம் சேர்ந்ததற்கு மக்களின் பேராசை காரணம் என்று தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத, தினக்கூலியில் தினமும் அரிசி வாங்குகிற குடும்பத்துக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? மே 7இல் மதுக்கடைகளைத் திறந்தபோது மட்டும் அதே அரசுக்கு எல்லா ஏற்பாடும் தெரிந்திருந்தது: சவுக்குக் கட்டையில் தடுப்பு, வயதுக்கு ஒரு நேரம், போலீஸ் காவல். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2021இல் தேர்தல் பொதுக்கூட்டங்களுக்கு லாரி லாரியாக ஆள் கொண்டுவந்தபோது சுண்ணாம்பு வட்டம் போட ஒருவரும் வரவில்லை. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சீறியது. மே 21இல் மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,000ஐத் தாண்டியது.

மீறல்களின் கணக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகள் சுமார் 10 லட்சம். வன்முறையும் இ-பாஸ் மோசடியும் போக மற்றவற்றைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, முதலமைச்சர் அறிவித்தார். அடித்ததும் அவமதித்ததும் அலைக்கழித்ததும் நடந்து முடிந்திருந்தன. வழக்கு மட்டும் வேண்டியிருக்கவில்லை. அந்த வழக்குகளால் பரவல் குறைந்ததா என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2020இல் அதில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குகிறவர்களுக்குத் தண்டனை சேர்த்தார்கள். அது தேவையான திருத்தம். இந்தச் சட்டம் போதாது என்று 2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது. ஆனால் அடைத்துவைக்கப்படுகிறவருக்கு யார் சோறு போடுவது, அவர் இழக்கும் கூலியை யார் தருவது, கதவடைக்க எத்தனை நாள் முன்பு சொல்வது, இறந்தால் யார் மரியாதையோடு அடக்கம் செய்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்தச் சட்டத்தில் தெளிவான பதில் கிடையாது. அடுத்த தொற்று எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இந்த நான்கையும் சட்டத்தில் எழுதிவைக்கும்படி நம் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் கேட்போம். எழுதாவிட்டால் அப்போதும் மக்கள் நோயை மறைக்கத்தான் செய்வார்கள்; அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இருக்காது.